தவிர என்றொரு பெயர்

கடைசியாக மனைவியை உயிரோடு பார்த்தபோது அவள் அவரைப் பார்க்கவில்லை. இடது கையில் இரண்டு ஊசிகளும் ஏறியிருந்தன, அந்தக் கையை அசைக்கக் கூடாது, அதனால் கால் கட்டைவிரலால் போர்வையின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க என்றாள், கண் முழுக்க டயாலிசிஸ் இயந்திரத்தின் சிவப்பு எண்ணில்தான். தெய்வநாயகம் போய் எஸ்தர் சிஸ்டரிடம் சொன்னார், எஸ்தர் குறைத்தாள், அவர் திரும்பி வந்து கொறைச்சாச்சு என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். கீழே இறங்கி டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பச்சைத் திரை. இல்லை, நீலமா, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நிறம் மாறுகிறது, ஆனால் நிறம் முக்கியமில்லை, அந்த நேரத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான் அவருக்கு வேண்டும். ஓடியிருந்தால் திரை ஆடியிருக்கும். திரை ஆடியது போலவும் இருக்கிறது, கல் மாதிரி நின்றது போலவும் இருக்கிறது. நான்கு மாதமாக இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார், முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. இப்போதும் தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அலுவலக ஃபேன், அதன் காற்றில் மேசை நாட்காட்டியின் தாள் எழும்பி எழும்பி விழுகிறது, எதிரே கணினித் திரையில் மூன்று கேள்விக்குறிகள் வரிசையாக நின்று அவரைப் பார்க்கின்றன, சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள், அவர் டப்பாவை இன்னும் திறக்கவில்லை. மாலை ஆறு மணிக்குக் குறுஞ்செய்திகள் கிளம்பிவிடும். அதற்குள் இந்த க்வெரியை மாற்றி எழுதியாக வேண்டும்.

கேள்விக்குறிகளை அவருக்கு எப்போதும் பிடித்ததில்லை. க்வெரி எழுதித் தரவுத்தளத்திடம் ஒன்றைக் கேட்கும்போது மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, மதிப்புகளைத் தனியாக வரிசைப்படி கொடுப்பது பழைய முறை. முதல் கேள்விக்குறிக்கு முதல் மதிப்பு, இரண்டாவதற்கு இரண்டாவது, கல்யாணப் பந்தியில் இலைக்கு ஆள் உட்காருகிற மாதிரி. நடுவில் யாராவது ஒருவர் புதிதாக நுழைந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் எல்லாருக்கும் அடுத்தவர் இலை. யாரும் கத்த மாட்டார்கள், எல்லாரும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள், தப்பு நடந்ததே தெரியாது. அவர் எழுதுவது வேறு முறை. நிரலுக்கும் அட்டவணைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுக்கும் அந்த லைப்ரரியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வைக்கலாம், பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளி, அப்புறம் அந்தப் பெயருக்கு இன்ன மதிப்பு என்று சொல்லிவிட்டால் போதும், வரிசை எப்படிப் போனாலும் பெயர் தன் மதிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கிய வருஷம் தானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவர், ஆங்கிலம் தடுமாறும், அதனால் பெயர்களைத் தமிழிலேயே வைப்பார், எழுத்து மட்டும் ஆங்கிலம். நாள், கிளை, நிலை. சின்னவர்கள் சிரிப்பார்கள். சார், உங்க கோடிங்கப் படிச்சா எங்க அத்தா டீக்கடையில பேசுற மாதிரியே இருக்கு என்பாள் நஸ்ரின், இந்த ஆறேழு பேருக்கும் தலைவி, அவர் மகள் வயது. அத்தாவுக்கும் புரியுதுல்ல, அப்புறம் என்ன என்பார் அவர். அப்படிப் பேசிச் சிரித்தது எப்போது, போன மழைக்காலமா. இந்தக் கேள்விக்குறிகள் அவருடையவை அல்ல. டயாலிசிஸ் சென்டருக்கு இவர்கள் செய்துகொடுத்த மென்பொருளில் ஒரு மூலை அது, தினமும் தானாக ஓடி, இறந்துபோனவர்களின் பெயரை நினைவூட்டல் அட்டவணையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போன ஒரு பையன் போகிற போக்கில் நடுவில் ஒரு கேள்விக்குறியை இடம் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து கிளைக்குப் போகவேண்டியது நிலைக்குப் போகிறது, நிலைக்குப் போகவேண்டியது கிளைக்கு. இறந்தவர் என்ற பெயரில் சென்டருக்குக் கிளை எதுவும் இல்லை. உறையூர் என்ற நிலையில் நோயாளி எவரும் இல்லை. க்வெரி ஒவ்வொரு நாளும் ஒழுங்காக ஓடி, யாரையும் காணாமல், ஒழுங்காக முடிந்திருக்கிறது. காலையில் ஒருத்தர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. நஸ்ரின் ஸ்பீக்கரில் போட்டாள். இன்னிக்குக் காலைல எங்கம்மாவ வரச் சொல்லி நேத்தும் மெசேஜ் அனுப்பியிருக்கீங்க, எங்கம்மா ஓயாமரி சுடுகாட்டுல எரிஞ்சு மாசம் மூணாகப் போகுது, வண்டி அனுப்புறீங்களா, இல்ல நானே கூட்டிட்டு வந்துரவா? குரலை உயர்த்தவே இல்லை அந்த ஆள். உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஸ்ரின் மன்னிப்புக் கேட்டாள், கேட்டுக்கொண்டே தெய்வநாயகத்தைப் பார்த்தாள், இன்னிக்குள்ள முடிச்சிரலாமா சார் என்றாள். முடிச்சிரலாம்மா என்றார். சொல்லிக்கொண்டே பையைத் தொட்டுப் பார்த்தார்.

மேசையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பைக்குள் மனைவியின் போன் இருக்கிறது. சார்ஜ் போட்டு எடுத்து வந்திருக்கிறார், தினமும் போடுகிறார். ஓசூரிலிருந்து மகள் கேட்டாள், அந்த நம்பரை ஏம்ப்பா இன்னும் ரீசார்ஜ் பண்றீங்க என்று. கேஸ் புக் பண்ணின நம்பர்ம்மா என்றார். அது பொய்யில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை ஆறுக்கு, அந்த போன் ஒரு தடவை அதிரும். அன்புள்ள மரகதவல்லி தெய்வநாயகம், நாளை காலை உங்கள் டயாலிசிஸ், வெறும் வயிற்றில் வர வேண்டாம். அதே வரிதான். காரியம் முடிந்து பந்தல் பிரித்த வாரத்தில் முதல் தடவை வந்தபோது எஸ்தர் இன்னும் கணினியில் குறிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அதற்கப்புறம் அந்த மாலைகளில் ஆறு மணி நெருங்கும்போது கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார், யாரோ வரப்போகிற மாதிரி. மரகதவல்லி. அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் அம்மா கூப்பிட்டது மரகதம். அக்கம்பக்கத்துக்கு மாமி இல்லை, அக்கா. அவருக்கு, இந்தா. அல்லது வெறுமனே ஒரு தொண்டைச் செருமல், அடுப்படியிலிருந்து அவள் வந்துவிடுவாள். அவளும் ஏங்க என்பதற்கு மேல் போனதில்லை. கட்டினவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவைத்ததைக் கடைசிவரை மீறவில்லை. சென்டரில் முதல் நாள் பதிவு செய்யும் இடத்தில் இவர் கீழே வண்டி நிறுத்தப் போயிருந்தார், மேலே வந்தால் வரிசையே சிரித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா என்கிறாள் கவுண்ட்டர்ப் பெண். சாமிக்கு இன்னொரு பேரு இருக்குல்ல கண்ணு, அதோட தலைவர்ங்கிறதையும் சேத்துக்க என்கிறாள் இவள். முருகேசனாம்மா? அது இல்ல கண்ணு, பொதுவா எல்லாச் சாமிக்கும். கடவுளா? கடவுள்னு யாராவது பேரு வைப்பாங்களா, நல்லா இருக்கே. பின்னால் நின்ற ஆள், அம்மா, ரத்தம் சுத்தம் பண்ண வந்துட்டு விடுகதை போடுறீங்களே என்றார். இதோ வந்துட்டாங்க, அவங்களையே கேளு என்று அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், கால் வீங்கியிருந்தது, முகம் ஊதியிருந்தது, சிரிப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. இவர் பெயரைச் சொன்னார். அடுத்து பேஷண்ட் பேர் என்றாள் அந்தப் பெண். இவருக்கும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லாததை ஒரு கவுண்ட்டரில் வைத்து எப்படிச் சொல்வது, சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். அதைப் பார்த்து அந்தப் பெண் தட்டியதுதான் மரகதவல்லி தெய்வநாயகம். மனிதர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே பெயர் அட்டவணைக்குள் போய்விட்டது. சாயங்காலம் இந்த க்வெரி ஓடினால் அங்கிருந்தும் போய்விடும்.

எழுத ஆரம்பித்தார். அட்டவணையிலிருந்து நீக்கு, நிலை இதுவாக இருந்தால், கிளை இதுவாக இருந்தால், கடைசி வருகை இந்த நாளுக்கு முன்னால் இருந்தால். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக அழிந்து அந்த இடத்தில் புள்ளி வைத்த பெயர்கள் வந்து உட்கார்ந்தன. விரல்கள் தாமாக ஓடின, அவர் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ எழுதுகிற மாதிரி. மூன்றாவது நிபந்தனை முடிந்தும் விரல் நிற்கவில்லை. நோயாளி எண், தவிர என்ற பெயருக்குச் சமமாக இல்லாமல் இருந்தால் என்று எழுதிவிட்டு நின்றது. இரண்டு புள்ளி, தவிர. அவரே அதை அப்போதுதான் படித்தார். ஒரே ஒருத்தரை விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். யாருக்குத் தெரியப்போகிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரு வரி, அதைப் படிக்கிறவர்களும் ஏதோ காரணம் இருக்கும் என்று போய்விடுவார்கள், நிரலில் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த போன் செய்தவருக்கு அவர் கேட்டது கிடைத்துவிடும், அவர் அம்மா பெயர் போய்விடும், எல்லாருடைய அம்மாவும் அப்பாவும் போய்விடுவார்கள், இவள் மட்டும் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், சென்டரில் கட்டிலையெல்லாம் எஸ்தர் கையால்தான் ஒதுக்குகிறாள், ஒரு செய்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு செய்தி, அதுவும் வருவது தன் பைக்குள்தான். யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார், திருடப்போகிறவன் மாதிரி. நாளுக்கு மதிப்புக் கொடுத்தார். கிளைக்குக் கொடுத்தார். நிலைக்குக் கொடுத்தார், இறந்தவர். அதற்குக் கீழே அவளுடைய எண்ணைத் தட்ட வேண்டும். எண் மனப்பாடம், சென்டர் அட்டையில் இருந்தது, எத்தனை தடவை எஸ்தரிடம் நீட்டியிருப்பார். கை எழும்பவில்லை. ஃபேன் காற்றில் நாட்காட்டித் தாள் எழும்பியது. திரை ஆடியதா. போர்வையை இழுக்கக் கை கொடுத்திருக்கலாம், கட்டைவிரலால்தான் இழுத்தாள், அந்த விரலில் மெட்டி இறுக்கமாகி நகத்தைச் சுற்றி வீங்கி, இல்லை, மெட்டி அந்த விரலில் இல்லை, பக்கத்து விரலில், வீக்கம் வந்ததும் வெட்டி எடுத்துவிட்டோம், சோப்பு போட்டும் வராமல் கத்தரியால் வெட்டினோம், அன்றைக்கு ஒரு சொல் சொல்லாமல் இருந்தவள், செய்தி வரும்போது மட்டும். வேண்டாம். செய்தி வரும்போது அவள் என்ன செய்வாள் என்பதை நினைக்க வேண்டாம். சார், டெஸ்ட் டேட்டாவுல ஓட்டிப் பார்ப்போமா, மணி அஞ்சு ஆகப்போகுது என்று நஸ்ரினின் குரல் பின்னால் கேட்டது. ஓட்டு என்றார். சொன்ன பிறகுதான் கடைசி எண்ணைத் தட்டவில்லை என்று உறைத்தது. அதற்குள் நஸ்ரின் தன் நாற்காலியிலிருந்தே ஓட்டிவிட்டாள்.

பூஜ்ஜியம் சார் என்றாள். ஒருத்தரைக்கூட நீக்கல.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது, புரிந்ததுதான் குளிராக முதுகில் இறங்கியது. இந்த லைப்ரரி பழையது. ஒரு பெயரை எழுதிவிட்டு அதற்கு மதிப்புக் கொடுக்க மறந்தால் புதிய லைப்ரரிகள் கத்தும், இன்ன பெயருக்கு மதிப்பு இல்லை என்று நிற்கும். இது நிற்காது. வாயைத் திறக்காமல் அந்த இடத்தில் வெறுமையை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வெறுமையோடு எதை ஒப்பிட்டாலும் சமம் என்றும் வராது, சமமில்லை என்றும் வராது, தெரியாது என்றுதான் வரும், தெரியாது என்று வந்த எதையும் தரவுத்தளம் தொடாது. இவர் ஒருத்தியை விட்டுவிடச் சொல்லிப் பெயரை மட்டும் எழுதிவைத்தார், அது எல்லாரையும் விட்டுவிட்டது. நிஜத்தில் ஓடினாலும் இதுதான், ஓயாமரியில் எரிந்தவளும், பெயர் தெரியாத மற்றவர்களும், எல்லாரும் இன்றோ நாளையோ ஆறு மணிக்கு மறுபடியும் அழைக்கப்படுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன் அதிரும். யாரோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பார்கள். எல்லா வீட்டிலும் தன்னைப் போல ஒருத்தர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, இது அவருக்கு இப்போதுதான் தோன்றியது, தோன்றாமல் எப்படி இருந்தது.

நஸ்ரின் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். விரலால் திரையைத் தொடாமல் காட்டினாள்.

"தவிரன்னு ஒண்ணு இருக்கே சார். இதுக்கு மதிப்பே கொடுக்கல. அதான். சென்டர்ல யாரையாவது விடச் சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு?"

அவர் பையின் வாயை இழுத்து மூடினார். அவள் திரையை விட்டுவிட்டு அவருடைய திறக்காத டப்பாவைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் பாதியாகக் குறைந்தது.

"சார், வீட்டுல அவங்க அங்கதான டயாலிசிஸ் பார்த்துக்கிட்டாங்க. எனக்கு மறந்தே போச்சு. இந்த வேலைய நான் உங்ககிட்டக் கொடுத்திருக்கக் கூடாது."

"அதனால என்ன, வேலைதான."

"உங்களுக்கும் வருதா அந்த மெசேஜ்?"

"வருது."

"பேர் சொல்லுங்க, நம்பர நான் எடுத்துப் போடுறேன். இருந்துட்டுப் போகட்டும். யாரு கேக்கப் போறா. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். கவுண்ட்டரில் ஒட்டிக்கொண்ட அதே இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையில் கைவிட்டால் ஆதார் அட்டை இருக்காது, அதை மகள் எடுத்து வைத்திருக்கிறாள். மரகதவல்லி என்றார். தன் காதுக்கே அது அடுத்த தெருவில் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. நஸ்ரின் தட்டினாள், வரி வந்தது, பெயர், வயது, ரத்த வகை, கிளை, நிலை, இறந்தவர். எஸ்தர் அன்றைக்கே குறித்திருக்கிறாள். கடைசியில் அடுத்த வருகை, நாளை.

நாளை. நாளைக்குமா என்பாள் அவள், செய்தி வரும்போதெல்லாம். நினைக்க வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்தது கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. ஆறு மணிக்கு போன் அதிர்ந்ததும் எடுத்துப் பார்க்க மாட்டாள், மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பாள், என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். நாளைக்குமாங்க, ஒரு நாள் போகலைன்னா என்ன ஆயிரும்? ஒவ்வொரு முறையும் கேட்பாள், பதிலுக்கு அல்ல. இடது கையை மடியில் வைத்து, ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன நரம்பை வலது கை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள், நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி, அது உள்ளே துடிப்பது வெளியே தெரியும். அன்றிரவு சாப்பாடு இறங்காது. அவர்தான், போய்த்தான ஆகணும் என்பார், எப்போதும் ஒரே குரலில், கணினி செய்தி அனுப்புகிற குரலில். செத்துப் போன பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவளை அந்த ஊசிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர் அதற்கு சார்ஜ் போட்டுக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு எது பயமோ அதைத் தான் பத்திரமாக வைத்திருந்தது அவருக்குப் புரிந்தபோது அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது, தண்ணீருக்குள் இருப்பது மாதிரி, ஃபேன் சத்தம் தூரமாகப் போனது.

"போட்டுரவா சார்?" என்றாள் நஸ்ரின். விரல் விசையின் மேல் இருந்தது.

"வேணாம்மா. அந்த வரியையே எடுத்துரு."

"யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்துட்டா அப்புறம்..."

"தெரியும். எடு."

அவள் எடுக்கவில்லை, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவரே வரியைத் தேர்ந்து அழித்தார். தவிர போய், அது இருந்த இடத்துக்குக் கீழ் வரி ஏறி வந்து ஒட்டிக்கொண்டது, எதுவும் இருந்த தடயம் இல்லை. மிச்சமிருந்த பெயர்களை ஒரு முறை படித்தார். நாளுக்கு மதிப்பு இருக்கிறது. கிளைக்கு இருக்கிறது. நிலைக்கு இருக்கிறது. தப்பாக ஒரு எழுத்து இருந்தால் உயிரோடு இருக்கிற யாராவது ஒருத்தருக்குச் செய்தி போகாது, அவர் நாளைக்கு வராமல் போவார், நஞ்சு ஏறும், மூச்சு வாங்கும், அந்தப் பயத்தில் மறுபடியும் படித்தார், எழுத்து எழுத்தாக, உதடு அசைய. முதலில் டெஸ்ட் டேட்டாவில் ஓட்டினார்கள், சரியாக வந்தது. அப்புறம் நிஜத்தில். நீக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டே போயின, இத்தனை பேரா என்றாள் நஸ்ரின், கையை வாயில் வைத்துக்கொண்டு. மரகதவல்லி எங்கோ நடுவில் வந்தாள், எல்லாரையும் போல ஒரு நொடி நின்றாள், மேலே போனாள்.

ஆறு மணிக்கு செய்திகள் கிளம்பின. பக்கத்து மேசையில் ஒருவன் பையை மாட்டிக்கொண்டு, சார், வரலையா என்று கேட்டான், நீ போப்பா என்றார். கீழே தெருவில் பேருந்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. பை அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் டப்பாவைத் திறந்தார், தயிர் சாதம் புளித்திருந்தது, இரண்டு வாய் சாப்பிட்டு மூடினார். நஸ்ரின் எஸ்தருக்கு போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தாள், சரி பண்ணியாச்சு சிஸ்டர், இனிமே போகாது, ஒரு தடவை பார்த்துச் சொல்லிருங்க. எஸ்தர் தன் திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது இங்கே வரை கேட்டது, இவர் வர்றாரு, இந்தம்மா வர்றாங்க, இவரு காலைலகூட வந்துட்டுப் போனாரு. நினைவூட்டல் அட்டவணையில் மிச்சமிருந்த எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.